கழுத்தைத் திருகலாமா?

குச்சவெளியில் கரைவலை இழுத்துக் கழுத்து நொந்தவரும், பட்டினத்தில் மேசைமேற் குனிந்து எழுதுபவரும், “ஒரு முறை நெட்டி முறித்தாற் சரியாகிவிடும்” என்பர். எல்லாக் கழுத்தும் அதற்கு ஏற்றதன்று.

சிலருக்கு மூட்டுகளைப் பிணைக்கும் இழையம் பிறவியிலேயே தளர்ந்திருக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த ஏலர்ஸ் 1901 இலும், பிரான்சைச் சேர்ந்த டான்லோஸ் 1908 இலும் விவரித்த நோய் இத்தகையதே. பெருவிரல் முன்கையைத் தொடுமளவு வளைதலும், மூட்டு அடிக்கடி விலகுதலும் அதன் அறிகுறிகளாம்.

தலையைத் தாங்கும் மேற்கழுத்து எலும்புகளூடாகவே மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகள் இரண்டு செல்கின்றன. திடீரெனத் திருகி நாடி கிழியின் பக்கவாதமும் நேரலாம்.

1895 இல் அமெரிக்காவிற் தோன்றிய கைரோபிராக்டிக் முறையில், திருகாது மெல்ல அழுத்துவோரும் உளர். இந்நோயாளர்க்கு அதன் பயன் இன்னும் நன்கு நிறுவப்படவில்லை. ஆதலின் முதலில் வைத்தியரிடம் காட்டுவோம். அவர் சொற்படி தசையை வலுப்படுத்தும் மெல்லிய பயிற்சிகளைச் செய்விப்போம்.

வில்லாய் வளையும் பிள்ளையை மெச்சும் நாம், அது “நோகிறது” என்னும்போதும் செவிசாய்ப்போமாக.