முதுமையடைந்த வாயில்லா ஜீவனுக்கு ஓதலும் மருத்துவமும்



அன்பார்ந்த பெற்றோர்களே, இளைஞர்களே!

வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழும் உங்களில் பலரது வீட்டில் முதுமையடைந்த ஒரு பிராணி இருக்கக்கூடும். அது பால் வற்றிய பசுவாகவோ, பிள்ளைகளோடு வளர்ந்து பார்வை மங்கிய பூனையாகவோ இருக்கலாம். அது உணவை மறுத்துச் சுருண்டு கிடக்கையில், ‘ஓதிய நூல் ஒன்றைக் கட்டினால் என்ன?’ என மூத்தவர்கள் கேட்கின்றனர். ‘கைகளால் சக்தியைச் செலுத்திக் குணப்படுத்துகின்றார்களாமே!’ எனக் கைத்தொலைபேசியில் கண்டதைப் பிள்ளை கூறுகின்றது. இரண்டுக்கும் உரிய விடையை இன்று நோக்குவோம்.

கைகளால் சக்தி செலுத்தும் முறைகளுள் பெயர் பெற்றது ரெய்கி. ஜப்பானியரான மிக்காவோ உசுயி என்பவர் 1922ஆம் ஆண்டளவில் இதனைத் தொடங்கினார். இன்று சில நாடுகளில் நாய், பூனைகளுக்கும் பணம் பெற்று இதனைச் செய்கின்றனர். ஆனால், அத்தகைய சக்தியொன்றை எவரும் அளந்து காட்டியதில்லை. இதனையொத்த கைவைத்திய முறையைப் பின்பற்றிய 21 பேரை, அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி சோதித்தாள். திரைக்கு அப்பால் அவளது கை தம்முடைய எந்தக் கைக்கு மேலே இருக்கின்றது என்பதை அவர்கள் உணர்ந்து கூற வேண்டும். 280 தடவைகளில் 123 தடவைகளே சரியாகக் கூறினர். நாணயத்தைச் சுண்டிப் பார்த்துக் கூறியிருந்தாலும் பாதியளவு சரியாக இருந்திருக்கும். இந்த ஆய்வு 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது.

அவ்வாறாயின், கை வைத்ததும் பிராணி அமைதியடைவது ஏன்? அன்பான தொடுகையும் தணிந்த குரலும் அச்சத்தைப் போக்குகின்றன. அதற்குக் கட்டணமும் தேவையில்லை, குருவும் தேவையில்லை. ஆனால், அமைதி வேறு, குணம் வேறு.

இவ்விடத்தில் ஒரு சம்பவத்தை எண்ணிப் பாருங்கள். அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்தது. அண்ணலார் அதன் காதின் பின்புறத்தைத் தடவிக் கொடுத்தார்கள். அது அமைதியடைந்தது. ஆனால், அண்ணலார் அத்துடன் நின்றுவிடவில்லை. உரிமையாளரை அழைத்து, அதனைப் பட்டினி போட்டு வருத்துவதைக் கண்டித்தார்கள் (அபூதாவூத்). தடவிக் கொடுத்தது அன்பு. துன்பத்தின் காரணத்தைக் கண்டு நீக்கச் சொன்னது நீதி. இரண்டும் சேர்ந்ததே நமக்குரிய வழிமுறை.

நூல் கட்டுவதைப் பொறுத்தவரை, ஒட்டகங்களின் கழுத்திலிருந்த வில்நாண் மாலைகளை அறுத்துவிடுமாறு ஒரு பயணத்தின்போது நபியவர்கள் கட்டளையிட்டார்கள் (புகாரி, முஸ்லிம்). கண்ணேறுக்காகவே அவை கட்டப்பட்டன என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கருத்து. எனவே, நூலில் நம்பிக்கை வைக்காதீர்கள். அல்லாஹ்விடம் துஆக் கேளுங்கள். கேட்டுவிட்டு மிருக வைத்தியரிடமும் செல்லுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பித்த மார்க்கம் நம்முடையது.

காரணத்தைத் தேடுவதன் அவசியத்தை நம் மண்ணே உணர்த்தியது. 2022 டிசெம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் திடீரென மடிந்தன. தொற்றுநோயோ என மக்கள் அஞ்சினர். கடுங்குளிரே காரணம் என்பது பரிசோதனையில் தெரியவந்தது. அந்த இரவுகளில் அவற்றுக்குத் தேவைப்பட்டவை கூரையும் காய்ந்த வைக்கோலும் வயிறார உணவுமே.

முதிய பூனை மெலிந்து, அடிக்கடி தண்ணீர் குடித்தால் சிறுநீரக நோயாகவோ நீரிழிவாகவோ இருக்கலாம். தாமதிக்காது வைத்தியரிடம் காட்டுங்கள். இரக்கப்பட்டுப் பனடோல் கொடுத்துவிடாதீர்கள். அது பூனைக்கு நஞ்சு, ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கலாம். பல் தேய்ந்த பசுவுக்கு இளம்புல்லை நறுக்கிக் கொடுங்கள். எழ முடியாது கிடந்தால் வைக்கோல் பரப்பி, பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள்.

இத்தனை செய்தும் அது தேறாமற் போகலாம். ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு, முதுமையைத் தவிர என்பது நபிமொழியின் கருத்து (அபூதாவூத், திர்மிதி). ஆகவே, குணப்படுத்த இயலாமை குற்றமன்று, கைவிடுவதே குற்றம். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் அதற்காகவே தண்டிக்கப்பட்டாள் என ஹதீஸ் எச்சரிக்கின்றது. முதிய பூனையைச் சாக்கில் கட்டிச் சந்தையோரத்தில் விட்டுவருவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, முள்ளியவளை, தண்ணீரூற்று, நாச்சிக்குடா போன்ற ஊர்களின் மக்கள் வீடு வாசலோடு வளர்த்த கால்நடைகளையும் விட்டுச் சென்றனர். அன்று உடன் கொண்டுசெல்ல வழியிருக்கவில்லை. இன்று அருகிலிருந்து தண்ணீர் புகட்ட நமக்கு வழியிருக்கின்றது.

பெற்றோர்களே! பயன் தீர்ந்த உயிரை நீங்கள் எவ்வாறு நடத்துகின்றீர்கள் என்பதை உங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். நாளை உங்கள் முதுமைக்கும் அவர்கள் அதனையே நினைவிற் கொள்வர்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களில் இரக்கத்தையும், செயல்களில் அறிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.