தீர்ப்பு வந்ததும் நேரா ஜெயிலா, வீட்டுக்கா? 3 வருஷத்தில் இருக்கு விஷயம்!

2014 செப்டம்பர் 27. சொத்துக்குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் 4 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அன்றைக்கே பரப்பன அக்ரஹாரா சிறை.

2023 டிசம்பர் 21. இதுவும் சொத்துக்குவிப்பு வழக்குதான். பொன்முடிக்கு சென்னை உயர் நீதிமன்றம் 3 ஆண்டு விதித்தது. ஆனால் தண்டனையை 30 நாள் நிறுத்திவைத்ததால் அவர் சிறைக்குப் போகவில்லை.

இவருக்கு மட்டும் ஏன் சலுகைன்னு கேட்கத் தோணும். ஆனால் ரெண்டு பேருமே பெரிய ஆளுங்கதானே? வித்தியாசம் அந்த ஒரு வருஷத்தில் இருக்கு.

தண்டனை 3 ஆண்டைத் தாண்டாமல், ஏற்கெனவே ஜாமீனில் இருக்கிற ஒருவர் 'மேல்முறையீடு செய்யப் போறேன்' என்று சொன்னால், தண்டனை கொடுத்த நீதிமன்றமே அவரை ஜாமீனில் விட வேண்டும். மறுக்க சிறப்புக் காரணம் வேண்டும். பழைய சிஆர்பிசி 389-வது பிரிவு இது. இப்போது பிஎன்எஸ்எஸ் 430. 3 ஆண்டைத் தாண்டினால், ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள் தவிர, மேல் நீதிமன்றம்தான் கதி. கர்நாடக உயர் நீதிமன்றம் மறுத்து, உச்ச நீதிமன்றம் ஜாமீன் தந்து, ஜெயலலிதா வெளியே வர 3 வாரம் ஆச்சு.

ஒன்றைக் குழப்பிக்காதீங்க. தண்டனை நிறுத்திவைப்பு விடுதலை கிடையாது. 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வந்தாலே எம்.எல்.ஏ பதவி போய்விடும். அதைக் காப்பாற்ற, குற்றவாளி என்ற தீர்ப்புக்கே தடை வாங்கணும். பொன்முடி 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் வாங்கினார்.

சரி, ஜாமீன் கிடைக்கலைன்னா? நீதிபதி வாரன்ட்டில் கையெழுத்து போட்டதும் போலீஸ் காவலில் நேரே சிறை. அங்கே சோதனை, மருத்துவப் பரிசோதனை, கைதி எண். வெளியே நிற்கிற குடும்பத்துக்கு அந்தப் பதற்றத்தில் ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கணும்: தீர்ப்பு நகல் இலவசம், உடனே தர வேண்டும். அது இல்லாமல் மேல்முறையீட்டு வேலை நகராது.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? இலவச சட்ட உதவி கேட்கலாம். சிறை அதிகாரி மூலமாகவே மேல்முறையீட்டு மனு அனுப்பலாம். உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள், மற்ற நீதிமன்றங்களுக்கு 30 நாள் அவகாசம். மரண தண்டனை என்றால் உயர் நீதிமன்றத்துக்கும் 30 நாள்தான்.

விசாரணைக் கைதியாக ஏற்கெனவே உள்ளே இருந்த நாட்கள் தண்டனையில் கழியும். எத்தனை நாள் கழிந்தது என்பதை வாரன்ட்டிலேயே சரிபார்த்துக்கொள்வது நல்லது.