பின்பலகையில் யந்திரத்தின் ஸ்தானம்

காட்டுப்பள்ளியில் சிறு படகை வைத்துக்கொண்டு கழியிலும் கடலிலும் மாறிமாறித் தொழிலுக்குப் போகிறவர், கொசஸ்தலையாற்றுக் கழியின் சேற்றுமேடுகளையும், முகத்துவாரத்து மணல்திட்டின்மேல் உடைகிற அலையையும், அதற்கு அப்பாலுள்ள ஆழ்ந்த நீரையும் ஒரே யந்திரத்தைக் கொண்டே கடக்க வேண்டியிருப்பதால், அந்த யந்திரத்தின் குதிரைசக்தி எவ்வளவு என்பதைக் காட்டிலும், அது பின்பலகையில் எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதே பிரதானமான விஷயம் என்று கருதுகிறேன்.

சிறிய அவுட்போர்டு எஞ்சின்கள் பெரும்பாலும் 15 அங்குலம், 20 அங்குலம் உயரமுள்ள பின்பலகைகளுக்கென்று இரண்டு தண்டு நீளங்களில் வருகின்றன. விசிறிக்குச் சற்று மேலே அமைந்த தட்டு, படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஓரங்குலம் தாழ்ந்தோ இருப்பது பொது விதி. அதற்கு மேலே ஏறிவிட்டால், அலை தூக்கும்போதும் படகு திரும்பும்போதும் விசிறி காற்றை உள்ளிழுத்து, எஞ்சின் அலறிச் சுழலுமேயன்றிப் படகு நகராது. மிகவும் தாழ்ந்துவிட்டாலோ, இழுவை மிகுந்து எண்ணெய் விரயமாவதோடு, கழியில் விசிறி தரைதட்டும்.

கோணத்தை மாற்றுவதற்குக் காசு செலவில்லை. பிடிச்சட்டத்திலுள்ள துளைகளில் ஊசியை ஒரு துளை வெளியே மாற்றினால் அணியம் எழும். உள்ளே மாற்றினால் தாழும்.

உயரத்தை வேண்டியபோது மாற்றித் தரும் 'ஜாக் பிளேட்' ஒன்றைப் பொருத்தலாமா என்றால், கையால் திருப்பும் சிறு எஞ்சினுக்கு அது அனுகூலமல்ல என்பதே என் அபிப்பிராயம். அது யந்திரத்தின் பாரத்தைப் பின்னோக்கித் தள்ளி, பலகையின் மேல் வரும் நெம்புவிசையைப் பெருக்கிவிடும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தார், கரையேறும் படகுகளுக்கென்று, டீசல் எஞ்சினும் தண்டும் ஒருங்கே சாய்ந்து விசிறி மேலெழும்படி அமைத்த ஏற்பாடும், இன்று நம் கடற்கரையெங்கும் காணும் நீள்தண்டு எஞ்சினும் இந்த நீருக்கு எவ்வளவோ பொருத்தமானவை. நீள்தண்டு எஞ்சினில் கைப்பிடியை அழுத்திய மாத்திரத்தில் மணல்திட்டுக்கு மேலே விசிறி எழுந்துவிடும்.

செலவழிக்கப் பணமிருந்தால் முதலில் பின்பலகைக்கே செலவிட வேண்டும். ஃபைபர் படகின் பின்பலகைக்குள் பெரும்பாலும் ஒட்டுப்பலகை இருக்கிறது. போல்ட் துளை வழியே உப்புநீர் இறங்கினால் அது வெளியே தெரியாமலே உளுத்துவிடும். சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, சத்தம் மந்தமாகக் கேட்கும் இடத்தை அறுத்து மாற்றிய பின்பு, துளைகளுக்குப் பசை பூசி, துருவேறா எஃகு போல்ட்டுகளை அகன்ற வாஷர்களோடு முடுக்குவது உத்தமம். இறுக்குத் திருகுகள் அதிர்வில் தளருமாதலால், அவற்றை மட்டும் நம்பாமல், யந்திரத்தைப் படகோடு பிணைக்கும் சங்கிலி ஒன்றும் அவசியம் வேண்டும். உயரமும் கோணமும் சரிதானா என்பதை வெறும் படகில் பார்த்துப் பிரயோஜனமில்லை. வலையும் ஐஸ்பெட்டியும் ஆட்களும் ஏறிய பின்பே பார்க்க வேண்டும்.