இல்லாத பாடகரும் தொலைந்துபோன பாடகரும்

விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் போன்றவர்கள் 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை வளர்த்தெடுத்தது அந்த வாசலால்தான். இல்லாத பாடகரையும் வெளிவராத பாடல் தொகுப்பையும் சிலர் உள்ளே நுழைப்பதும் அதே வாசலால்தான்.

ஈழத்து இசை பற்றிய புதிய பதிவு ஒன்றில் நான் முதலில் பார்ப்பது காலத்தை. 1992 இல் யாழ்ப்பாணத்தில் ஓர் இறுவட்டு வெளிவந்து விற்பனையில் முதலிடம் பிடித்தது என்று எழுதியிருந்தால் சந்தேகிக்க வேண்டும். அப்போது குடாநாட்டில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ஒலிநாடாவில் பாட்டுக் கேட்டோம். முதலிடம் என்று கணக்கெடுத்தவர் யார்?

அடுத்தது பக்கத்தின் வரலாறு. எழுதியவர் அந்த ஒரு பெயரை மட்டுமே பல கட்டுரைகளிலும் செருகியிருக்கிறாரா என்பது அங்கே தெரிந்துவிடும்.

பிறகு சான்றுகள். கோவாவில் நடந்ததாகச் சொல்லப்பட்ட 'பிச்சோலிம் போர்' பற்றிய கட்டுரை ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007 முதல் 2012 வரை இருந்தது. 'நல்ல கட்டுரை' என்ற தகுதியும் பெற்றிருந்தது. அதில் சான்றாகக் காட்டிய நூல்களைத் தேடியபோதுதான் அப்படி நூல்களே இல்லை என்பது தெரியவந்தது. ஆகவே, அடிக்குறிப்பின் நீளத்தைப் பார்த்து நம்பக் கூடாது. விக்கிப்பீடியாவிலிருந்து படியெடுத்த இணையத்தளமும் சான்றாகாது.

பொய் என்று தெளிவானால், காரணத்தைப் பேச்சுப் பக்கத்தில் எழுதி நீக்கல் வார்ப்புரு இடலாம். நிருவாகி ஒருவர் பார்த்து நீக்குவார். மற்றக் கட்டுரைகளில் செருகிய பெயர்களையும் தேடி அகற்றினால்தான் வேலை முடியும்.

ஆனால் எங்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. 1995 இடப்பெயர்வில் வீட்டோடு விட்டுவந்த ஒலிநாடாக்கள் எத்தனை! இணையத்தில் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைப் பொய் என்று முடிவுகட்டினால், போரில் தொலைந்தவரை நாங்கள் இரண்டாம் முறையும் தொலைத்துவிடுவோம். கால முரண், போலி நூல் போன்றவை பொய்க்கு அடையாளம். சான்று கிடைக்காதது மட்டும் பொய்க்கு அடையாளம் அல்ல. அத்தகைய பதிவில் 'சான்று தேவை' என்று குறித்துவிட்டுத் தேடுவதே முறை.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய ஒலிநாடா உறையோ, கச்சேரி நோட்டீசோ, பத்திரிகைத் துண்டோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கிப் பேணும் நூலக நிறுவனத்திடம் கொடுங்கள். ஓர் உண்மைக் கலைஞரின் பெயர் நிலைப்பதற்கு அதுவே சான்றாகலாம்.