குறுமரம் வளர்க்கும் கலை

ஆழமற்ற சட்டியொன்றில், முதுமரத்தின் தோற்றத்தோடு நிற்கும் சிறுமரத்தை யப்பானியர் பொன்சாய் என வழங்குவர். 'பொன்' என்பது தட்டம். 'சாய்' என்பது நடுகை. சீன நாட்டிலே தோன்றி யப்பானிற் செம்மையுற்ற இக்கலையைத் தமிழிற் குறுமரக் கலை எனலாம். மரத்தைப் பட்டினியிட்டுக் குறுக்கும் கொடுமையே இதுவெனக் கருதுவார் பலர். அக்கருத்துப் பொருந்தாது. உணவு குன்றிய மரம் நலிந்து மடியுமேயன்றி நெடுநாள் வாழாது. வேரும் கிளையும் ஒன்றற்கொன்று ஈடாக அளவுபட நிறுத்தப்பட்ட மரமே குறுமரமாகும்.

வன்னி நிலத்தில் இயற்கையே இதற்கு எடுத்துக்காட்டுத் தருகின்றது. பறவைகளின் எச்சத்தோடு விழும் ஆல், அரசு, இத்தி என்பவற்றின் வித்துக்கள் பழஞ்சுவர் வெடிப்புக்களிலும் கிணற்றுக் கட்டுக்களிலும் முளைக்கின்றன. வேரோட இடமின்மையால், ஆண்டுகள் சில கழிந்தும் அவை முழ உயரத்தளவில் நிற்பதுண்டு. அடிமரம் மட்டும் பருத்திருக்கும். கட்டடத்துக்குக் கேடெனப் பிடுங்கி எறியப்படும் இக்கன்றுகளே புதிதாகப் பயில்வோர்க்கு ஏற்றவை. இவை வெட்டுண்டாலும் விரைவில் தளிர்க்கும் இயல்பின.

மாரிமழை தொடங்கும் ஐப்பசியே நடுகைக்கு வாய்ப்பான காலம். கன்றை முதலிற் சாதாரணப் பூச்சட்டியில் நட்டு, நிழலில் வைத்து, புதுத்தளிர் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். சட்டியின் அடியில் துளை இருத்தல் இன்றியமையாதது. தோட்டத்து மண்ணை மட்டும் இட்டால் அது இறுகி நீரைத் தேக்கும். காற்றுப் புகாத வேர் அழுகும். ஆகவே பருமணலையும் சலித்தெடுத்த செங்கற்றுண்டுகளையும் மக்கிய எருவையும் கலந்திடுதல் நன்று.

கன்று வலுப்பெற்றபின் கத்தரித்தல் தொடங்கும். நுனியரும்பிலே தோன்றும் ஒட்சின் என்னும் பொருள் கீழுள்ள கக்கவரும்புகளை அடக்கி வைக்கின்றது. நுனியைக் கிள்ளியதும் அத்தடை நீங்கிப் பக்கக் கிளைகள் எழுகின்றன. கிளையை வளைப்பதற்கு அலுமினியக் கம்பியைச் சுற்றுவர். ஆலும் அரசும் விரைந்து பருப்பன ஆதலின், கம்பி பட்டையில் அழுந்துமுன் அதனை நீக்கிவிடல் வேண்டும். ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை மரத்தைச் சட்டியினின்றும் எடுத்து, வேரில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாமல் நறுக்கிப் புதுமண்ணில் நடுவர். வேரறுத்தலையும் கிளை வளைத்தலையும் ஒரே நாளிற் செய்து மரத்தை இழப்பதே புதியவர்க்கு நேரும் பெரும்பிழை.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஆழமற்ற சட்டி ஒரு பகலிலேயே உலர்ந்துவிடும். காலையும் மாலையும் நீர் வார்ப்பார் இல்லையெனில், பல்லாண்டு உழைப்பு இரண்டொரு நாளிற் பட்டுப்போகும். காட்டுமரம் தன் வேரை ஆழ ஓட்டி நீரைத் தேடிக்கொள்ளும். குறுமரத்துக்கோ மனிதர் கையன்றி வேறு துணையில்லை.

1945 ஓகத்து 6ஆம் நாள் இரோசிமாவில் அணுகுண்டு வீழ்ந்தபோது, அவ்விடத்துக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவிலிருந்த யமாக்கி குடும்பத்தாரின் தோட்டத்தில், மதிலின் மறைவிலே நின்ற வெண்பைன் குறுமரம் ஒன்று உயிர்தப்பியது. 1625 முதல் பேணப்பட்டு வருவதெனக் குறிக்கப்படும் அம்மரத்தை மசாரு யமாக்கி 1976இல் அமெரிக்காவுக்கு அளித்தார். குண்டுவீச்சிற் பிழைத்த அதன் வரலாறு 2001இல் அவர்தம் பேரர்கள் அங்குச் சென்றபோதே வெளிப்பட்டது. வாசிங்டன் தேசிய மரப்பூங்கா அதனை இன்றும் காத்துவருகின்றது.

2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் வீடுகளைக் கைவிட்டு மீண்டும் மீண்டும் இடம்பெயர நேர்ந்தது. ஆளற்ற முற்றங்களிற் சட்டிச்செடிகள் காய்ந்தன. இடிந்த சுவர்களில் ஆலும் அரசும் தாமே முளைத்தன. அத்தகைய கன்றொன்றைச் சட்டியில் நட்டு நாடோறும் நீர் வார்ப்பவர், அடுத்த மாரியிலும் அதற்கடுத்த மாரியிலும் அதே முற்றத்தில் இருப்போம் என்னும் நம்பிக்கையோடுதான் வார்க்கின்றார். அந்நம்பிக்கை நிலைபெறும் ஊரிலேயே குறுமரம் முதுமரமாகும்.