கதிரும் கருத்தும்: ‘ஹவானா நோய்க்குறித் தொகுதி’ பற்றிய சில சிந்தனைகள்

1

நோய்க்குப் பெயர் சூட்டுவது மருத்துவரின் பணி என்பதே பொதுவான எண்ணமாகும். எனினும் அண்மைக் காலத்தில் உலகெங்கும் பேசப்பட்ட ஒரு நோய்க்கு அரசியலாளரும் செய்தித்தாபனங்களுமே பெயர் சூட்டினர். 2016ஆம் ஆண்டின் இறுதியில், ஐக்கிய அமெரிக்காவின் ஹவானாத் தூதரகத்தைச் சேர்ந்த சிலர், தாம் விசித்திரமான கூரிய ஓசையொன்றைக் கேட்டதாகவும், அதனைத் தொடர்ந்து தலைச்சுற்றல், தலையிடி, காதிரைச்சல், நித்திரையின்மை, ஞாபகக் குறைவு முதலியவற்றால் வருந்துவதாகவும் முறையிட்டனர். முதலில் முறையிட்டோர் புலனாய்வுத்துறையைச் சேர்ந்தோராவர். பின்னர் ஏனைய உத்தியோகத்தரும் அவர்தம் குடும்பத்தினரும் இவ்வாறே முறையிட்டனர். 2018இல் சீனாவின் குவாங்சோவிலிருந்தும், 2021இல் வியன்னாவிலிருந்தும் இத்தகைய முறைப்பாடுகள் எழுந்தன. காலப்போக்கில் இவற்றின் தொகை ஆயிரத்தைத் தாண்டியது.

இந்நிகழ்ச்சிகளின் காலப்பின்னணி மனங்கொளத்தக்கது. 1961இல் முறிந்த கியூப-அமெரிக்க இராஜதந்திர உறவு 2015 ஜூலையிலேதான் மீண்டும் நிலைநாட்டப்பட்டது. 2017 ஜனவரியில் பதவியேற்ற ட்ரம்ப் அரசாங்கமோ அவ்வுறவைப் பின்னோக்கித் திருப்புவதில் முனைப்புக் கொண்டிருந்தது. இத்தகைய சூழ்நிலையிலேயே நோயாளரின் முறைப்பாடு ‘தாக்குதல்’ என்னும் சொல்லாக உருமாறியது. கண்ணுக்குப் புலப்படாத ஆயுதமொன்று இருந்ததா என்ற வினாவுடன், சான்றுக்கு முன்னரே அச்சொல் எவ்வாறு நிலைபெற்றது, அதன் விலையை யார் செலுத்தினர் என்ற வினாக்களையும் சேர்த்தே நாம் நோக்குதல் வேண்டும்.

2

திசைப்படுத்திய சக்தி ஆயுதங்கள் வெறும் கற்பனையல்ல. எறிபொருள் எதுவுமின்றி, லேசர் ஒளியையோ நுண்ணலைகளையோ ஓர் இலக்கின் மீது குவித்துச் செலுத்துவதே இவற்றின் அடிப்படையாகும். அமெரிக்கக் கடற்படை 2014இல் 30 கிலோவாற்று லேசர் ஆயுதமொன்றைப் பாரசீக வளைகுடாவிலே கப்பலொன்றில் பொருத்தியிருந்தது. கூட்டத்தைக் கலைப்பதற்கென உருவாக்கப்பட்ட மற்றொரு கருவி, 95 கிகாஹேட்ஸ் மீடிறனுடைய அலைகளைச் செலுத்துவது. அவ்வலைகள் தோலினுள் அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த ஆழமே ஊடுருவித் தாங்கவொண்ணா எரிவை உண்டாக்கும். 2010இல் ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அக்கருவி, பயன்படுத்தப்படாமலே திருப்பியழைக்கப்பட்டது. நிரந்தரக் குருட்டினை உண்டாக்கும் லேசர் ஆயுதங்களைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கையொன்று 1995இல் ஏற்கப்பட்டது. எனவே, இத்தகைய ஆயுதமொன்று இருக்கவே முடியாது என்று எவரும் வாதிடுதல் இயலாது.

நுண்ணலை ஓசையாகவும் உணரப்படலாம். றேடாருக்கு அருகில் நிற்போர் அதன் துடிப்புகளைக் கேட்பதாகக் கூறியமையை ஆராய்ந்த அலன் ஃபிரே என்னும் அமெரிக்க விஞ்ஞானி, 1962இல் இதனைப் பரிசோதனை மூலம் எடுத்துக்காட்டினார். துடிப்புத் துடிப்பாக வரும் நுண்ணலை தலையின் திசுக்களை ஒரு பாகையின் இலட்சத்திலொரு பங்கிலும் குறைந்த அளவே சூடாக்குகின்றது. எனினும் அச்சூடேற்றம் கணப்பொழுதில் நிகழ்வதால் திசு சற்றே விரிந்து அமுக்க அலையொன்றைத் தோற்றுவிக்கின்றது. அவ்வலை எலும்பினூடாக உட்செவியை அடைந்து ஓசையாகின்றது. ஹவானா நிகழ்ச்சிகளுக்கு நுண்ணலையே காரணம் என்போரின் பிரதான ஆதாரம் இதுவாகும். ஆனால் ஓசையைக் கேட்பித்தல் வேறு, மூளையைச் சிதைத்தல் வேறு. பின்னதற்கு வேண்டிய வலு மிகப் பெரியது என்பதும், அவ்வளவு வலு திசுக்களைச் சூடாக்கித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதும் இத்துறை அறிஞர் சிலரின் மறுப்பாகும்.

3

இவ்விவாதத்துக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1945இல் சோவியத் சிறுவர்கள் அமெரிக்கத் தூதுவருக்கு மரத்திற் செதுக்கிய அமெரிக்க அரச இலச்சினையொன்றைப் பரிசளித்தனர். அதனுள் லியோன் தெரெமின் அமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தமை 1952இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. மின்கலம் எதுவுமற்ற அக்கருவி, வெளியிலிருந்து வானொலி அலை செலுத்தப்படும்போது மட்டுமே இயங்கியது. இதன் பின்னர், 1950களின் முற்பகுதி தொடக்கம் 1970களின் பிற்பகுதி வரையில் மொஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் மீது நுண்ணலைக் கதிர் செலுத்தப்பட்டது. ஒட்டுக்கேட்கும் கருவிகளை இயக்குவதற்கோ, தூதரகக் கூரையிலிருந்த அமெரிக்கச் சாதனங்களைக் குழப்புவதற்கோ அது செலுத்தப்பட்டிருக்கலாம் என ஊகிக்கப்பட்டது.

அக்கதிரின் வலு நெடுங்காலம் சதுர சென்ரிமீற்றருக்கு 5 மைக்ரோவாற்றினை மிஞ்சவில்லை. 1975இன் பின்னர் அது ஏறத்தாழ 18 மைக்ரோவாற்றாக உயர்ந்தது. இவ்விடத்து ஒரு முக்கியமான உண்மையை அவதானிக்கலாம். தொழிலாளர் நாள் முழுவதும் தாங்கக்கூடியதென அமெரிக்கா அன்று கொண்டிருந்த எல்லை 10,000 மைக்ரோவாற்று. சோவியத் எல்லையோ 10 மைக்ரோவாற்று. ஒரே மனித உடலுக்கு ஆயிரம் மடங்கு வேறுபட்ட இரு அளவுகோல்கள்! றேடார், வானொலித் துறைத் தொழிலாளரிடையே தலையிடி, சோர்வு, நித்திரைக் குழப்பம் ஆகியன காணப்பட்டமையைச் சோவியத் தொழில்நல மருத்துவர் ‘நுண்ணலை நோய்’ எனப் பதிவு செய்திருந்தனர். மேலைத்தேய ஆய்வாளர் பலர் அதனை ஐயுற்றனர். தீங்கு எங்கே தொடங்குகின்றது என்பதை வரையறுப்பதிலே பௌதிகத்துடன் சமூக நலன்களும் பங்குகொள்கின்றன என்பதற்கு இது தக்க உதாரணம். அதேவேளை, அமெரிக்க எல்லைக்கு எவ்வளவோ தாழ்ந்திருந்த அக்கதிரை, தன் தொழிலாளருக்குத் தானே விதித்த எல்லையையும் மீறிச் சோவியத் அரசு செலுத்தியது என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

வாஷிங்டன் என்ன செய்தது? 1960களிலே தூதரக ஊழியரிடம் வைரசு பற்றிய ஆய்வு என்று கூறி இரத்தம் பெறப்பட்டது. உண்மையில் ஆராயப்பட்டது கதிரின் விளைவே. 1965இல் ‘பண்டோரா’ என்னும் இரகசியச் செயற்றிட்டத்தின் கீழ்க் குரங்குகள் மீது நுண்ணலைப் பரிசோதனை நடத்தப்பட்டது. ஊழியருக்கு உண்மை அறிவிக்கப்பட்டது 1976இலேதான். பின்னர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர், மொஸ்கோவிற் கடமையாற்றிய ஏறத்தாழ 1,800 பேரைக் கிழக்கைரோப்பாவின் ஏனைய தூதரகங்களிற் கடமையாற்றிய ஏறத்தாழ 2,500 பேருடன் ஒப்பிட்டு, 1978இல் அறிக்கை சமர்ப்பித்தனர். கதிரினால் தீங்கு விளைந்தமைக்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பதே அதன் முடிவு.

4

மொஸ்கோவிலே கதிர் கருவிகளால் அளக்கப்பட்டது. ஆனால் அதனைத் தாக்குதல் என்று பகிரங்கமாகக் கூற எவரும் விரும்பவில்லை. ஹவானாவிலோ நிலைமை நேர்மாறானது. அங்கு எந்தக் கதிரும் அளக்கப்படவில்லை, எந்தக் கருவியும் அகப்படவில்லை. ஆயினும் ‘தாக்குதல்’ என்னும் சொல் 2017 செப்டெம்பரில் அரசாங்க அறிக்கையிலேயே இடம்பெற்றுவிட்டது.

அதன் பின்னர் வந்த சான்றுகளைக் காலவரிசைப்படி நோக்குவோம். 2018 பெப்ரவரியில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மருத்துவர் 21 பேரைப் பரிசோதித்து, தலையில் அடிபடாமலே மூளை அதிர்ச்சியை ஒத்த குறிகள் காணப்படுவதாகக் கூறினர். அவர்கள் கையாண்ட உளச்சோதனை அளவுகோலின்படி நலமுள்ளோர் பலரும் நோயாளராகவே தோன்றுவர் எனக் கண்டனம் எழுந்தது. 2019 ஜனவரியில் ஸ்ரப்ஸ், மொன்ரியலெக்ரே என்னும் இரு உயிரியலாளர், ஹவானாவிலே பதிவாகி ஊடகங்களில் வெளியான ஓசை, கரீபியன் பிரதேசச் சில்வண்டு இனமொன்றின் ஒலியுடன் ஒத்திருப்பதை எடுத்துக்காட்டினர். 2020 டிசெம்பரில் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகங்களின் குழு, சிலரது திடீர் அறிகுறிகளுக்குத் துடிப்புமுறை வானொலி மீடிறன் சக்தியே ஒப்பீட்டளவில் மிகப் பொருத்தமான விளக்கம் எனக் கருதியது. 2021 செப்டெம்பரில் கியூப விஞ்ஞானக் கழகத்தின் குழு, தாக்குதலுக்கு விஞ்ஞானச் சான்று இல்லை என முடிவு செய்தது. 2022 பெப்ரவரியில் அமெரிக்கப் புலனாய்வுத்துறை அமைத்த நிபுணர் குழுவும் மின்காந்த சக்தி சில சம்பவங்களை விளக்கக்கூடும் என்றது.

ஆனால் 2023 மார்ச்சில், அதே புலனாய்வு அமைப்புகளின் மதிப்பீடு, அந்நிய எதிரியொன்று இதற்குக் காரணமாயிருத்தல் பெரிதும் சாத்தியமற்றது என்றது. 2024 மார்ச்சில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள், பாதிக்கப்பட்ட 81 பேரின் மூளைப் படங்களை 48 பேர் கொண்ட ஒப்பீட்டுக் குழுவின் படங்களுடன் ஒப்பிட்டு, குறிப்பிடத்தக்க வேறுபாடு எதனையும் காணவில்லை. அதே மாத இறுதியில் ஊடகங்கள் சில ரஷ்ய இராணுவப் புலனாய்வுப் பிரிவொன்றின் மீது குற்றஞ்சாட்டின. 2025 ஜனவரியில் புலனாய்வு மதிப்பீடு புதுப்பிக்கப்பட்டபோது, ஏழு அமைப்புகளுள் ஐந்து முன்னைய முடிவிலேயே நின்றன. இரண்டு மட்டும் தம் நிலைப்பாட்டைச் சிறிது தளர்த்தின. ஆக, நுண்ணலை என்பது விஞ்ஞான உலகிலே ஒரு கருதுகோள். அதனை நிறுவிய உண்மையாகக் காட்டியது அரசியலேயாகும்.

5

இது புதியதன்று. 1981 செப்டெம்பரில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் அலெக்சாண்டர் ஹெய்க், லாவோசிலும் கம்பூச்சியாவிலும் நச்சாயுதம் பயன்படுத்தப்படுவதாகக் கூறிச் சோவியத் யூனியனையும் அதன் நேச நாடுகளையும் சாடினார். அகதிகள் ‘மஞ்சள் மழை’ எனக் கூறிய புள்ளிகளைப் பரிசோதித்த ஹார்வார்ட் உயிரியலாளர் மத்யூ மெசல்சனும் பிறரும், அவற்றில் மகரந்தத் துகள் நிறைந்திருப்பதைக் கண்டு, அவை தேனீக்களின் கழிவே என எடுத்துக்காட்டினர். தேனீயும் சில்வண்டும் ஆயுதங்களாகத் தோன்றுவது பார்ப்போரின் மடமையினால் மட்டுமன்று. எதிரியை முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட கருத்துநிலை, இயற்கையின் ஒலியையும் நிறத்தையும் தனக்குச் சாட்சியாக்கிக்கொள்கின்றது.

விலையைச் செலுத்தியோர் யாவர்? தாக்குதலைக் கியூபா மறுத்ததோடு, அமெரிக்க விசாரணையாளர் ஹவானாவுக்கு வருவதற்கும் இடமளித்தது. ஆயினும் 2017 செப்டெம்பரில் அமெரிக்கத் தூதரக ஊழியருட் பெரும்பாலோர் திருப்பியழைக்கப்பட்டனர். ஒக்டோபரில் கியூப இராஜதந்திரிகள் 15 பேர் வாஷிங்டனிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஹவானாவில் விசா வழங்கல் ஏறக்குறைய நின்றுபோயிற்று. அமெரிக்காவிலுள்ள கணவனையோ தாயையோ சென்றடைய விரும்பிய கியூபக் குடிமகள், நேர்முகப் பரீட்சைக்காகக் கொலம்பியாவின் பொகோட்டாவுக்கும் பின்னர் கயானாவின் ஜோர்ஜ்ரவுணுக்கும் தன் செலவிற் பறக்கவேண்டியதாயிற்று. குடிவரவு விசாச் சேவை ஹவானாவில் முழுமையாக மீண்டது 2023 ஜனவரியிலேதான். பாதிக்கப்பட்ட அமெரிக்க உத்தியோகத்தருக்கு நட்டஈடு வழங்க 2021 ஒக்டோபரில் சட்டமியற்றப்பட்டது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் பிரிந்திருந்த குடும்பங்களின் ஐந்தாண்டுகளுக்கு எந்தச் சட்டத்திலும் ஈடில்லை.

6

முற்போக்காளராகிய நாம் இங்கு ஒரு தவறினைத் தவிர்த்தல் வேண்டும். முறையிட்டோர் ஏகாதிபத்திய அரசின் ஊழியர், அதிலும் புலனாய்வாளர் என்பதனால், அவர்தம் நோயை நாடகமென எள்ளுவது எளிது. அது விஞ்ஞானமுமன்று, மனிதாபிமானமுமன்று. 2024ஆம் ஆண்டு ஆய்வு மூளைப் படங்களில் வேறுபாடு காணாவிடினும், அவ்வூழியரின் சோர்வும் மனச்சோர்வும் சமநிலைத் தளம்பலும் உண்மையானவை எனப் பதிவு செய்தது. அவர்களுள் 28 சதவீதமானோருக்கு நரம்பு மண்டலத்தின் தொழிற்பாட்டுக் கோளாறு இருப்பதையும் அது கண்டது. படத்தில் தெரியாத நோய் பொய்யான நோயன்று. அச்சமும் கண்காணிப்பும் இரகசியமும் அன்றாட வேலைநிலைமையாகும்போது அவை உடலிலும் எழுதப்படலாம்.

மேலும், இவ்வூழியர் தம் அரசாலேயே இருமுறை கருவிகளாக்கப்பட்டனர். மொஸ்கோவில் அவர்தம் உடல் இரகசிய ஆய்வுக்கு மூலப்பொருளாயிற்று. ஹவானாவில் அவர்தம் நோவு வெளிநாட்டுக் கொள்கைக்கு ஆதாரமாயிற்று. 2024 ஆகஸ்டில் மேற்படி சுகாதார நிறுவனங்களின் நீண்டகால ஆய்வு நிறுத்தப்பட்டது. அதிற் பங்குபற்றுமாறு தாம் நெருக்கப்பட்டதாகச் சிலர் உணர்ந்தமை உள்ளக விசாரணையில் வெளிப்பட்டமையே காரணம். அறுபதாண்டுகளின் பின்னரும் நோயாளரின் சம்மதம் கேள்விக்குரியதாகவே இருந்தது!

நோயாளருக்கு உடனடிச் சிகிச்சை வேண்டும். அதற்குக் காரணம் நிறுவப்படும்வரை காத்திருத்தல் தகாது. குற்றச்சாட்டோ சான்று வரும்வரை காத்திருத்தல் வேண்டும். ஹவானா விவகாரத்தில் இவ்வொழுங்கு தலைகீழாயிற்று. நாடொன்றின் மீது குற்றம் முதலில் வந்தது, சிகிச்சை தாமதித்து வந்தது, சான்று தேடல் இன்னும் முற்றுப்பெறவில்லை. நாளை உண்மையிலேயே ஒரு கருவி கண்டெடுக்கப்படினும், அது 2017ஆம் ஆண்டின் அவசரத் தீர்ப்பை நியாயப்படுத்தாது. சான்று எத்திசையிற் சென்றாலும் அதனைப் பின்தொடர்வது விஞ்ஞான நோக்குடையோரின் கடமையாகும். அச்சான்று நமக்கு உவப்பற்றதாயிருக்கும் வேளையிலும் அக்கடமை நமக்குண்டு.