பழங்காலக் கார்களின் திசையைக் காப்பது எந்த எண்ணெய்?

புது தில்லி: குளிர் மெல்ல விலகும் நாள்களில் பழங்காலக் கார்கள் அணிவகுத்துச் செல்வது தலைநகரின் நீண்டகால வழக்கம். "ஸ்டேட்ஸ்மன்" நாளிதழ் 1964-ம் ஆண்டு தொடங்கிய பேரணி இவற்றில் புகழ்பெற்றது. 1914-ம் ஆண்டைச் சேர்ந்த ஜான் மாரிஸ் தீயணைப்பு வாகனமும் இதில் பங்கேற்றுள்ளது. சாணக்கியபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகம் அதைப் பாதுகாத்து வருகிறது.

பார்வையாளர்களின் கண்கள் பித்தளை விளக்குகளையும் பளபளக்கும் வண்ணப்பூச்சையுமே நாடுகின்றன. ஆனால், ஓட்டுபவரின் உயிர் நம்பியிருப்பது வெளியே தெரியாத ஒரு சிறு இரும்புப் பெட்டியை. ஸ்டீயரிங் தண்டின் அடியில் உள்ள பல்சக்கரப் பெட்டிதான் அது. அதில் எந்த எண்ணெயை ஊற்றுவது என்பது எளிய கேள்வியாகத் தோன்றும். எனினும், பல அரிய கார்களின் ஆயுளைத் தீர்மானிப்பது இக்கேள்விக்கான விடையே.

உராய்வே வேலை: அக்காலப் பெட்டிகள் பலவற்றில், "வோர்ம்" எனப்படும் திருகு வடிவ எஃகுத் தண்டு ஒரு பல்சக்கரத்தைத் திருப்புகிறது. அச்சக்கரம் பல கார்களில் வெண்கலத்தால் ஆனது. இங்கு பற்கள் உருள்வதில்லை. ஒன்றின் மீது ஒன்று வழுக்கிச் செல்கின்றன. இடையில் எண்ணெய்ப் படலம் இல்லாவிட்டால், எஃகு வெண்கலத்தை அரித்துவிடும்.

மேலும், என்ஜினும் கியர் பாக்ஸும் ஓடும்போது சூடாகி, எண்ணெயை இளக்கிவிடுகின்றன. ஸ்டீயரிங் பெட்டி அவ்வாறு சூடாவதில்லை. தில்லியின் ஜனவரி இரவில் 5 டிகிரி, மே மாதப் பகலில் 45 டிகிரி என்றால், பெட்டிக்குள்ளும் ஏறத்தாழ அதே நிலைதான். இரண்டு பருவத்திலும் பற்களைவிட்டு விலகாத எண்ணெயே இதற்குத் தேவை.

கசிவும் கிரீஸும்: பழைய பெட்டிகளில் இன்றைய ரப்பர் "ஆயில் சீல்" கிடையாது. கம்பளி வளையமோ தக்கையோதான் இருக்கும். சிலவற்றில் அதுவும் இல்லை. ஹாரன் கம்பி செல்லும் குழாய் பெட்டியின் ஊடாகச் செல்லும் கார்களில், அதன் அடிமுனை வழியாகவும் எண்ணெய் சொட்டும். ஓரளவு கசிவு அக்கால அமைப்பின் இயல்பே தவிர, நோய் அல்ல.

ஆனால், தரையில் எண்ணெய்க் கறையைக் கண்டதும் உரிமையாளர்கள் பலர் செய்யும் காரியம், சக்கர பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸைப் பெட்டி நிறையத் திணிப்பது. கசிவு நிற்கும், தேய்மானம் தொடங்கும். கெட்டி கிரீஸைப் பற்கள் ஒருமுறை வழித்துத் தள்ளினால், அது ஓரமாகவே நின்றுவிடுகிறது. எண்ணெயைப் போல மீண்டும் வழிந்து வருவதில்லை. பெட்டி நிறைய கிரீஸ் இருக்க, பற்கள் மட்டும் உலர்ந்து உராயும் நிலை இதனால் ஏற்படுகிறது.

எண்களில் குழப்பம்: காரின் கையேட்டில் குறிப்பிட்டுள்ள எண்ணெயே முதல் தேர்வு. கையேடு இல்லாதபோது, எஸ்.ஏ.இ. 140 தரமுள்ள கியர் எண்ணெய் இத்தகைய பெட்டிகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும். என்ஜின் எண்ணெய்க்கும் கியர் எண்ணெய்க்கும் எண் வரிசை வெவ்வேறு என்பதை இங்கு மறக்கக் கூடாது. கியர் எண்ணெயில் 90 என்பது, என்ஜின் எண்ணெயில் 40 அல்லது 50 எண்ணின் அடர்த்தியை ஒட்டியதே. எண் பெரிதாக இருப்பதால் 90 போதுமென்று கருதி ஊற்றினால், தேய்ந்த பெட்டியில் அது விரைவில் ஒழுகிவிடும்.

அடுத்தது, ஜி.எல். என்ற குறியீடு. ஜி.எல்.-5 எண்ணெய், நவீன வாகனங்களின் பின் அச்சில் ஏற்படும் கடும் அழுத்தத்துக்கானது. அதில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்கள் மிகுதி. கந்தகம் செம்பு கலந்த உலோகங்களுடன் வினைபுரியக் கூடியது. வெண்கலம் அவற்றில் ஒன்று. சூடாகாத பெட்டியில் இந்தக் கேடு மெதுவாகவே நேரும் என்றாலும், பல ஆண்டுகள் மாற்றப்படாத எண்ணெய் இது. ஆகவே, சேர்மங்கள் குறைந்த ஜி.எல்.-4 அல்லது சேர்மங்களே இல்லாத ஜி.எல்.-1 வகையே பாதுகாப்பானது. விலை உயர்ந்தது எல்லாம் சிறந்தது என்ற கணக்கு இங்கு பொருந்தாது.

எண்ணெய் நிற்கவே நிற்காத பெட்டிக்கு இடைப்பட்ட ஒரு வழியும் உண்டு. கிரீஸின் கெட்டித்தன்மை 000 முதல் 6 வரை ஒன்பது நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 2-ம் எண். 0 அல்லது 00 எண்ணுள்ள கிரீஸ் கூழ் போன்றது. பற்கள் வழித்த இடத்துக்கு அது மெல்லத் திரும்பி வரும்; விளிம்பு வழியாக எளிதில் ஒழுகாது. ஆனால், பழைய கிரீஸை மண்ணெண்ணெய் கொண்டு முழுவதும் கழுவி, உலர்த்திய பிறகே புதியதை இட வேண்டும். ஒன்றுக்கொன்று ஒவ்வாத கிரீஸ் வகைகள் கலந்தால் இரண்டும் கெட்டுவிடும்.

நின்றே தேயும் கார்கள்: மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021-ம் ஆண்டு வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனங்களைப் பழங்கால வாகனங்களாகப் பதிவு செய்யலாம். கட்டணம் ரூ. 20 ஆயிரம், பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே இவை சாலைக்கு வரலாம்.

எனவே, ஆண்டின் பெரும்பகுதி இவை கொட்டகையிலேயே நிற்கின்றன. அப்போது மேற்பற்களில் இருந்த எண்ணெய் கீழே வடிந்துவிடும். ஈரம் படிந்து துருவும் ஏறும். மாதம் ஒருமுறை முன்சக்கரங்களை ஜாக்கியில் உயர்த்தி, ஸ்டீயரிங்கை இரு எல்லைகளுக்கும் சில முறை திருப்பினால் எண்ணெய் மீண்டும் பரவும். பெட்டியின் எண்ணெய் அளவையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

திருகி இறுக்குவது தீர்வல்ல: கார் பெரும்பாலும் நேராகவே செல்வதால், பற்களின் நடுப்பகுதிதான் முதலில் தேய்கிறது. ஸ்டீயரிங்கில் ஆட்டம் கண்டதும் சரிசெய்யும் திருகை இறுக்கினால், நேராகச் செல்லும்போது ஆட்டம் மறையும். ஆனால், தேயாத ஓரப் பற்கள் வளைவில் இறுகிக்கொள்ளும். திருப்பிய சக்கரம் நேர் நிலைக்குத் திரும்ப மறுக்கும். விபத்துக்கு அதுவே போதும்.

ஆஸ்டின் செவன் போன்ற சில கார்களில் முழு வட்டப் பல்சக்கரம் உள்ளது. அதைக் கழற்றிக் கால் சுற்றுத் திருப்பிப் பொருத்தினால், தேயாத பற்கள் வேலைக்கு வரும். அரை வட்டத் துண்டு மட்டுமே உள்ள கார்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. தில்லி காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் எந்த எண்ணெயும் கிடைக்கும். தயாரிப்பு நின்று பல பத்தாண்டுகள் ஆன ஒரு காரின் வெண்கலச் சக்கரம் கிடைப்பது அரிது. அதைப் புதிதாகக் கடைந்துதான் எடுக்க வேண்டும்.

அந்தச் செலவோடு ஒப்பிட்டால், பெட்டியைத் திறந்து பார்த்து, தகுந்த எண்ணெயைத் தேர்ந்து ஊற்ற ஆகும் செலவு மிகச் சொற்பம். அடுத்த பேரணிக்கு வண்ணம் பூசத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை அது.